நான் ஊற்றாத கோப்பி

இப்போதெல்லாம் சாவு வீட்டுக்கு வருகிறவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கைப்பேசியை எடுக்கிறான். ஒரு கையால்தான் கும்பிடுகிறான், இன்னொரு கை படம் பிடிக்கிறது. அழுகிறவளும் யார் எடுக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அழுகிறாள். போன மாசம் ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டில் பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் ஒருத்தன் குறுக்கே வந்து, "அண்ணே, கொஞ்சம் இறக்கிட்டு மறுபடி தூக்குங்க, படம் சரியா விழல" என்றான். தூக்கினவர்களும் இறக்கிவிட்டு மறுபடி தூக்கினார்கள். செத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒழுங்காக நடந்துகொண்டது அவர் ஒருத்தர்தான்.

இந்தச் சாவு வீட்டு நியாயம் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகன் யுகேந்திரனுக்கு அதுதான் தொழில். பெட்டி, வண்டி, கூடாரம், நாற்காலி, சடங்குக்குப் பண்டாரம், பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எரிக்க நேரம் பிடிப்பது, மறுநாள் சாம்பலைக் கரைக்கப் படகு, எல்லாம் ஒரே ஃபோனில் முடித்துக் கொடுப்பான். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் போர்டு மாட்டியிருக்கிறான். முன்னால் பத்து காவான் ஊரில் ஃபேக்டரி வேலை. "சொந்தமா ஏதாச்சும் செய்யணும்பா" என்று விட்டுவிட்டு வந்தான். மனுஷன் சாவதை எந்த நாட்டுக்காரனும் மலிவாகச் செய்து கப்பலில் அனுப்ப முடியாது, தொழில் நிற்கும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

என் பெயர் பிச்சைமுத்து. தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைதான். அப்புறம் துறைமுகத்தில் மூட்டை. மூட்டையின் மேல் என்ன எடை எழுதியிருந்தாலும் ஒரு தரம் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதுகைக் கொடுப்பேன். எழுத்தை நம்பி முதுகைக் கொடுத்தவன் எவனும் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கவில்லை.

யுகேந்திரன் கடைக்கு ஒரு வெப்சைட் வைத்தான். அதைக் கவனிக்க ஆள் வெளியே தேடவில்லை, அவன் மகள் ஷர்மினியே இருந்தாள். காலேஜில் அதைத்தான் படித்தாளாம், ஊருக்குச் சேதி சொல்கிற படிப்பு. அந்தக் காலத்தில் பறை அடிக்கிறவன் படிக்காமலே செய்த வேலை. வெப்சைட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தது நாங்கள்தான். யுகேந்திரன் தன் ஃபோனில் பார்ப்பான், அப்புறம் பெண்டாட்டி ஃபோனில் பார்ப்பான், "இன்னிக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க" என்பான்.

"கன்டென்ட் இல்ல தாத்தா, அதான் ஆள் வரல" என்றாள் ஷர்மினி. "பார்க்கறவங்கள அப்படியே நிறுத்தி வைக்கற மாதிரி ஏதாச்சும் வேணும்."

"சாவுச் சாமான் விக்கற இடத்துல எவன்மா நின்னு வேடிக்கை பார்ப்பான்? பெட்டி என்ன விலைன்னு போடு. ஃபோன் நம்பரப் பெருசாப் போடு. போதும்."

"அது எல்லாரும் போடறதுலா. நமக்குன்னு ஒரு கதை இருக்கணும்."

"செத்தான், எரிச்சோம். இதுல என்ன கதை?"

அவள் என்னென்னமோ போட்டுப் பார்த்தாள். துக்க வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தைகள் என்று ஒன்று. உங்கள் ராசிக்கு ஏற்ற மாலை எது என்று ஒன்று. அழுத கண் வீங்காமல் இருக்க வெள்ளரிக்காய் என்று ஒன்று. ஒருநாள் எதுவும் தோன்றாமல் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டாள். அதில் எங்கள் வண்டி தாம்பரம் வரை வரும் என்று இருந்தது. "தாம்பரம் வரைக்கும் போற வண்டி பட்டர்வொர்த்துக்கு வராதா?" என்று ஒருத்தர் ஃபோன் செய்தார். அதுதான் அந்த வெப்சைட்டால் வந்த முதல் ஃபோன். பிறகு வாடிக்கையாளர் கருத்து வேண்டும் என்றாள். "யார்கிட்டமா கேக்கப்போற? வாடிக்கையாளர் பத்து லஞ்சாங்ல இருக்காரு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நடுவில் அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பையன் கிஷன், புக்கிட் மெர்தாஜாம்காரன், யுகேந்திரனோடு அந்த ஃபேக்டரியில் வேலை பார்த்தவன். அவர்களாகவே பேசிப் பிடித்துக்கொண்டார்கள். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். அவன் அப்பா வேலுவும் நல்ல மனுஷன். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் வேலுவின் அக்கா அஞ்சலை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டிலேயே இருந்து அந்தப் பையனை வளர்த்தவர். நாள், நட்சத்திரம், தீட்டு, சகுனம் என்று ஒன்றையும் விட மாட்டார். சாவுத் தொழில் செய்கிற வீட்டில் பெண் எடுப்பதா என்று ஆரம்பத்திலேயே முகத்தைத் திருப்பினவர். கிஷன் மூன்று வேளை சாப்பிடாமல் கிடந்துதான் சம்மதம் வாங்கினான்.

மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் போனபோது அஞ்சலை என்னைக் கேட்டார், "மாமா, உங்க வீட்டுல இந்த ஒரு வருஷத்துல சாவு ஏதும் உண்டா?"

"எங்க வீட்டுல வியாபாரமே அதுதானேம்மா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் வடை வந்தது, அஞ்சலை கையால் சுட்டது. ஒன்றைக் கடித்துவிட்டு, இதைக் கப்பல் நகராமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம் என்றேன். உள்ளதைச் சொன்னேன். என் பெண்டாட்டி வள்ளியம்மா வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. இத்தனைக்கும் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை பரிசம் என்று முடிவானது. சின்னதாக ஒரு சாக்குக் கிடைத்தாலும் அஞ்சலை நிறுத்திவிடுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம்தான் ஷர்மினி கேமராவோடு ஃப்ளாட்டுக்கு வந்தாள்.

"தாத்தா, வெள்ளச் சட்ட போட்டுக்குங்க. ஒரே ஒரு படம்."

"எதுக்கு?"

"வெப்சைட்டுக்கு. கம்ப்யூட்டர்ல கிடைக்கற படம் எல்லாம் வெள்ளைக்காரங்க. நம்ம ஆளா இருக்கணும். முகத்துல வாழ்க்கை தெரியணும். உங்க முகத்துல அது நிறைய இருக்கு."

"அது வெயில்மா."

கடையைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிற பெரியவர் என்று போடப் போகிறாள் என்று நினைத்தேன். பேத்தி கேட்கிறாள், நாலு நாளில் பரிசம், மறுப்பானேன் என்று உட்கார்ந்தேன். சிரிக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "சரி, சிரிக்காதீங்க, இதுவே நல்லாருக்கு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் இஸ்மாயில். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கினவன், இப்போது மகனுடைய நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டுகிறவன். கண் சிவந்திருந்தது. கையில் பிஸ்கட் டின். என்னைப் பார்த்தவன் டின்னை நழுவவிட்டான்.

"அடப்பாவி, நீ சாகலையா?"

"ஏன், ஏதும் வேல இருக்கா?"

அவன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டான். வள்ளியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளைப் பார்த்து, நெற்றிப் பொட்டைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்து நீட்டினான்.

என் படம். வெள்ளைச் சட்டை. கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு எரிகிறது. மாலையும் நான் போடவில்லை, விளக்கும் நான் ஏற்றவில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. "படிடா" என்றேன். இஸ்மாயில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தான்.

"அப்பா ஊற்றிய கடைசிக் கோப்பி. விடியற்காலையில் அம்மா எழுவதற்கு முன்பே அப்பா எழுந்துவிடுவார். தன் கையால் கோப்பி கலந்து இரண்டு குவளைகளில் ஊற்றுவார். ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு. அவர் கோபப்பட்டு ஒருநாளும் நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கும் ஊற்றினார். அம்மா எழுந்து வந்தபோது கோப்பி சூடாக இருந்தது. அப்பா இல்லை."

அதற்குக் கீழே, அந்த நல்ல மனிதரை வழியனுப்பும் பாக்கியம் எங்களுக்குக் கிடைத்தது என்று போட்டு, யுகேந்திரன் கடை ஃபோன் நம்பர்.

"இதப் படிச்சு விடிய விடிய அழுதேன்டா" என்றான் இஸ்மாயில்.

"கோபப்பட்டதே இல்லன்னு போட்டிருக்கே, அங்கயாச்சும் உனக்குச் சந்தேகம் வரல?"

"மவுத்தானவனப் பத்தி அப்படித்தானே லா எழுதுவாங்க."

வள்ளியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, "அந்தக் கோப்பி இடத்த இன்னொரு தடவ படிங்க அண்ணே" என்றாள். அவன் படித்தான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடுப்பு எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கோப்பி ஊத்துறாராமில்ல!" என்றாள். அப்புறம் படத்தைப் பார்த்து, "இந்த ஆளு நல்லவரா இருக்காரு" என்றாள்.

இஸ்மாயில் கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிரித்து, என் சாவுக்கு வந்ததை நானே தே ஓ தேநீரில் தோய்த்துத் தின்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

யுகேந்திரன் முகம் மின்னியது. இவன் கடை திறந்த அன்றைக்குக்கூட இப்படி இருக்கவில்லை.

"பா! ஈப்போலேர்ந்து எல்லாம் பார்க்கறாங்க. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு அம்மா அழுது வாய்ஸ் அனுப்பியிருக்காங்க. காலையிலேர்ந்து ஃபோன் நிக்கல."

"எடுறா அத."

"ரெண்டு நாள் ஓடட்டும்பா."

"நான் செத்து ரெண்டு நாள் ஓடட்டுமா?"

ஷர்மினி மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்தாள். "தாத்தா, உங்க பேர் போடல. கீழ மாதிரிப் படம்னு எழுதியிருக்கேன், பாருங்க."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது, எறும்பு படிக்கிற அளவில்.

"உயிரோட இருக்கறவன் படத்துக்கு மாலை போடலாமா? உனக்கு யாரும் சொல்லலையா?"

"டிசைன்தானே தாத்தா."

"பெருமாள் கோயில்ல என் கழுத்துல மாலை போட்டா அது மரியாதை. படத்துல போட்டா அது கணக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம். காலேஜ்ல இத விட்டுட்டு வேற எதச் சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் பதில் சொல்வதற்கு முன் யுகேந்திரனின் ஃபோன் அடித்தது. எண்ணைப் பார்த்தவன் முகத்திலிருந்த மின்னல் போய்விட்டது. "வேலு" என்றான். சத்தமாகப் பேசுகிற பொத்தானை அழுத்தினான்.

வேலு சுற்றி வளைத்தார். சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மச்சான், மாமா சௌக்கியமா?" என்றார்.

"இங்கதான் இருக்காரு. பேசச் சொல்லவா?"

நான் குனிந்து, "தம்பி, நல்லாத்தான் இருக்கேன். பேத்தி பண்ணின கூத்து அது" என்றேன்.

அந்தப் பக்கம் வேலுவுக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது. "குரல நம்பாத வேலு. இப்பல்லாம் செத்தவங்களையே கம்ப்யூட்டர்ல பேச வைக்கறாங்க. இந்த வீட்டுப் பொண்ணு அதுதான் படிச்சிருக்கு."

வேலு சங்கடத்தோடு சொன்னார், "அக்கா என்ன நினைக்கறாங்கன்னா, மச்சான், பெரியவர் தவறிப்போனத வெளிய சொன்னா ஒரு வருஷம் நல்ல காரியம் செய்ய முடியாது, பரிசம் நின்னு போயிடும்னு நீங்க மறைக்கறீங்களோன்னு. படத்த எங்க தெருவே பார்த்திருச்சு. மூணு பேர் வந்து கேட்டுட்டாங்க. மன்னிச்சுக்குங்க, ஞாயித்துக்கெழமை வேணாம்னு அக்கா சொல்றாங்க."

ஃபோன் நின்றது. ஷர்மினி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். காட்டுவதற்காக அழுவதைத்தான் நான் இந்தத் தொழிலில் அதிகம் பார்த்திருக்கிறேன். அவள் அப்படி அழவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, யாரும் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"இப்பவாச்சும் எடுறா" என்றேன்.

"இப்ப எடுத்தா உண்மையிலயே மறைக்கறோம்னு நினைப்பாங்க" என்றான் யுகேந்திரன். "எடுத்தும் பிரயோஜனம் இல்லப்பா. ஆளாளுக்கு எடுத்து வச்சு அனுப்பிட்டிருக்காங்க."

இதுதான் நான் சொல்வது. மூட்டையை இறக்கி வைத்தால் இறங்கும். இது இறங்காத சரக்கு.

நேரில் போவதென்று முடிவு செய்தேன். யுகேந்திரனின் கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. கடையில் இருந்த ஒரே வண்டி துக்க வண்டிதான். "முன்னால சீட்டு இருக்குபா, ஏசி இருக்கு" என்றான்.

"உயிரோட இருக்கேன்னு காட்டப் போறவன் இதுல போய் இறங்கணுமா? இதுல போற நாள் வரும். அன்னிக்கு வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இருக்காது. இன்னிக்கு இருக்கு."

மறுநாள் காலையில் நானும் வள்ளியம்மாவும் ஃபெர்ரி ஏறி, பட்டர்வொர்த்தில் ரயில் பிடித்தோம். ஃபெர்ரியில் ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்ப்பதும் ஃபோனைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வள்ளியம்மா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "ஒரு நாளைக்கு ஊத்திக் குடுத்தாத்தான் என்னவாம்?"

"ஊத்தினா செத்துருவேன்னு எழுதியிருக்கு. படிக்கலையா நீ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து, "என்னங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அங்க போய் வாயத் தொறக்காதீங்க. அந்தப் பொண்ணு ராத்திரி சாப்பிடல. எது குடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லுங்க. அந்தப் படத்துல இருக்கற ஆளு மாதிரி ஒரே ஒரு மணி நேரம் இருந்துட்டு வாங்க" என்றாள்.

சரி என்றேன். ஷர்மினிக்காகத்தான்.

வேலு வீட்டு வாசலிலேயே அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். வாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் என் காலைப் பார்த்தார். கால் தரையில் படுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. செருப்பைக் கழற்றி, வேண்டுமென்றே நன்றாக மிதித்து நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை, வள்ளியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. கிஷன் உள்ளே சுவரோரம் நின்றான். அவனும் ராத்திரி சாப்பிடவில்லை போலிருந்தது.

உட்கார்ந்ததும் வேலு, "பார்த்தியாக்கா, மாமாதான்" என்றார்.

"மாமாவுக்குத் தம்பி உண்டா அத்தை?" என்று அஞ்சலை வள்ளியம்மாவைக் கேட்டார்.

"ஒருத்தர் இருக்காரு, தாசேக் கெலுகோர்ல. ஜாடை மட்டும்…" என்று இவள் ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அஞ்சலை வேலுவைப் பார்த்தார். நான் பர்ஸிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் தொடவில்லை. "அண்ணன் ஐசி தம்பி பாக்கெட்ல வராதா?" என்றார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? நான் படித்தவனாக இருந்தால் வாதாடியிருப்பேன். ஆனாலும் அந்த அம்மாள் செய்வது எனக்கு ஒரு பக்கம் பிடித்துத்தான் இருந்தது. எழுதியிருக்கிற எடையை நம்பாதவர். என்னைப் போல.

உள்ளே போய் ஒரு தட்டு வடையோடு வந்தார். என் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க."

வள்ளியம்மா என் பாதத்தை மெல்ல மிதித்தாள். வடையை எடுத்துக் கடித்தேன். அதே வடை. போன தடவை இருந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பல் ஒன்று ஆடிற்று. படத்தில் இருக்கும் ஆளை நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் கோபப்படாதவர், விடியற்காலையில் கோப்பி ஊற்றுகிறவர். மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றேன்.

அஞ்சலையின் முகம் இருண்டது. எழுந்துவிட்டார்.

"வேலு, இது அவரு இல்ல."

"அக்கா!"

"அவரு இல்லடா! அன்னிக்கு வந்த மனுஷன் என் வடைய என்ன சொன்னாருன்னு உனக்கு ஞாபகம் இல்ல? அந்த வாயில ரொம்ப நல்லாருக்குன்னு வருமா? தம்பியக் கூட்டிட்டு வந்து ஏமாத்தறாங்க. அன்னிக்கே சொன்னேன், இந்தச் சம்பந்தம் வேணாம்னு." கிஷன் பக்கம் திரும்பி, "பார்த்தியாடா?" என்றார்.

கிஷன் தலையைக் குனிந்துகொண்டான். வள்ளியம்மா, "அய்யோ, அவருதாம்மா, நான்தான் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன், நல்லபடியாப் பேசுங்கன்னு" என்று அழ ஆரம்பித்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. யாரும் அதை நம்பவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. செத்தவன் என்றார்கள், பொறுத்தேன். தம்பி என்றார்கள், அதையும் பொறுத்தேன். பல் ஆட ஒரு வடையைத் தின்றுவிட்டு, நல்லாயிருக்கிறது என்று பொய்யும் சொல்லி, அதற்கும் திட்டு வாங்குவதா?

"உட்காரும்மா!" என்று சத்தம் போட்டேன். "வடையா இது? எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டுட்டு, உளுந்த அரைச்சு எந்தக் காலத்துல வச்சியோ அதையும் பார்க்காம, வேகுதா வேகலையான்னு திருப்பியும் போடாம… போன தடவ முட்டுக் கட்டைன்னேன். தப்பு. முட்டுக் கட்டைய மென்னா பல்லு ஆடாது. இந்தத் தட்டப் பத்து லஞ்சாங்குக்குக் கொண்டு போ, வேகாதது அங்கதான் வேகும்!"

வேலு கண்ணை மூடிக்கொண்டார். வள்ளியம்மா அழுகையை நிறுத்தி, எல்லாம் போயிற்று என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அஞ்சலை ஒரு விரலை என் பக்கம் நீட்டினார்.

"இவருதான்" என்றார். "வேலு, இவருதான்டா. இந்த நாக்கு வேற எந்த வம்சத்துக்கும் வராது."

பிறகு அந்த அம்மாளுக்கு என்னமோ வந்து, ஓடி என் காலில் விழுந்தார். செத்ததாகச் சேதி வந்து உயிரோடு இருக்கிறவருக்கு ஆயுசு கெட்டி, அப்படிப்பட்டவர் கையால் பரிசத் தட்டு மாறினால் பிள்ளைகள் நூறு வருஷம் வாழும் என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தீட்டாக இருந்தவன் நான். அதே கால், அதே நான். கிஷன் வாசலுக்கு ஓடிப் போய் ஷர்மினிக்கு ஃபோன் செய்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பரிசம் நடந்தது, புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோயில் மண்டபத்தில். ஷர்மினி நன்றாக இருந்தாள். தட்டு மாற்றினோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அஞ்சலை வருகிறவர்களை எல்லாம் இழுத்து வந்து, "இவருதான், படத்துல வந்தவரு, விழுந்து கும்பிடுங்க" என்றார். விழுந்தவர்கள் எழுந்து, தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் என் கையைக் கிள்ளியும் பார்த்தான். வேலுவின் பெரியப்பா ஒருத்தர், படுக்கையில் கிடக்கிறாராம். அவர் மகன் ஓரமாக யுகேந்திரனிடம் பேசிக்கொண்டிருந்தான். யுகேந்திரன் அவனுக்குக் கார்டு எடுத்துக் கொடுத்தான். பரிச மண்டபத்தில்.

சாப்பாடு முடிந்த பிறகு என்னைப் பந்திக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு கோப்பிக் கூஜாவைக் கையில் கொடுத்தார்கள். எதிரே வள்ளியம்மா, கையில் குவளை. யுகேந்திரன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தான். பட்டுச் சேலையோடு ஷர்மினி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, பாட்டிக்கு ஊத்துங்க. சும்மா, கொஞ்சமா. 'உயிரோடு வந்த தாத்தா'ன்னு போடப் போறோம். எல்லாரும் அதான் கேக்கறாங்க."

"நீ அழுதியே, மறந்துபோச்சா?"

"அது வேற தாத்தா. இது நல்ல கன்டென்ட்லா."

"பா, லேசா சிரி" என்றான் யுகேந்திரன்.

வள்ளியம்மா குவளையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். என் முகத்தையும் பார்த்தாள், ஃபோனையும் பார்த்தாள். முந்தானையை வேறு சரி செய்துகொண்டாள்.

"ஃபோன இறக்கு, ஊத்தறேன்" என்றேன்.

"ஃபோன இறக்கினா எதுக்குப்பா ஊத்தணும்?" என்று கேட்டான் என் மகன். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை.

கூஜாவை மேசையில் வைத்தேன். "வைங்க, வைங்க, நானே ஊத்திக்கறேன்" என்று வள்ளியம்மா ஊற்றிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து குடித்தாள். அவள் வழக்கமே அதுதான், ஆறுவதற்கு முன்னால் குடித்துவிடுவாள்.

வாசலுக்கு வந்தேன். செருப்புக் குவியலில் காலை நுழைத்துக்கொண்டு, ரயில் நிலையம் பக்கமாக நடந்தேன். அஞ்சலை சொல்கிற நூறு வருஷத்தையும் நான் நம்பவில்லை, இவர்கள் சொல்கிற ஆயிரம் பேரையும் நம்பவில்லை. பார்த்தவர்களில் ஒருத்தன், இஸ்மாயில் ஒருத்தன்தான், கையில் டின்னோடு வந்தான்.

பின்னால் யுகேந்திரன் ஷர்மினியிடம் சொல்வது கேட்டது. "விடும்மா, பரவால்ல. நடந்து போறத பின்னாலேர்ந்து எடு. மெதுவா ஓடவிட்டு, கடைசிப் பயணம்னு போட்டுக்கலாம்."

சந்து திரும்புகிறவரை வேகமாக நடந்தேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, காலில் கிடந்தது வேறு யாருடைய செருப்போ. திரும்பிப் போகவில்லை.